எழ முடியாதவரா, எழக் கூடாதவரா? நோய்ப்படுக்கைக்கான ரஷ்ய, ஆங்கிலச் சொற்கள்

‘ஒன் லெஷித் வ் பல்னீத்ஸெ’ என்ற ரஷ்ய வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘அவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார்’ என்று வரும். அதைப் பார்த்து ‘படுத்த படுக்கையாகிவிட்டார்’ என்று யாராவது ஊருக்குச் சொல்லிவிட்டால் வீடே கலங்கிப் போகும். ரஷ்யர் சொன்னதோ மிகச் சாதாரணமான செய்தி: அவர் அட்மிட் ஆகியிருக்கிறார். பரிசோதனைக்காகச் சேர்ந்து, வார்டுக்கு வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருப்பவருக்கும் இதே வாக்கியம்தான்.

நோயாளி படுக்கையில் இருக்கிறார் என்ற தகவலுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அவரால் எழ முடியவில்லையா? எழக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? அல்லது காய்ச்சலோ முதுகுவலியோ வந்து இரண்டு நாள் படுத்துவிட்டாரா? பராமரிப்பு இதை வைத்தே மாறுகிறது. எழ முடியாதவரைப் புரட்டிப் போட ஆள் வேண்டும். எழக் கூடாதவரைத் தடுக்க ஆள் வேண்டும். மூன்றாமவருக்குக் கஞ்சியும் தூக்கமும் போதும். ரஷ்யனும் ஆங்கிலமும் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் பிரிப்பதில்லை. தவறுகள் அங்கேதான் நேர்கின்றன. ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு வகுப்பு ஆங்கிலத்திலும் வார்டில் நோயாளியோடு பேச்சு ரஷ்யனிலும் நடப்பதால், இந்தப் பிரிவுகள் அவர்களுக்கு அன்றாடத் தேவை.

முதலில் அந்த ‘லெஷாத்’ என்ற வினை. படுத்திருத்தல், கிடத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். மருத்துவமனையோடு சேரும்போது உள்நோயாளியாக இருத்தல் என்றாகிறது. சேர்வதற்கு ‘லேச்’, அதாவது படுத்தல். பரிசோதனைக்குச் சேர்வதைக்கூடப் ‘பரிசோதனைக்குப் படுப்பது’ என்றே சொல்வார்கள். மருத்துவர் சேர்த்துக்கொள்வதற்கு ‘பலஷீத்’, அதாவது கிடத்துதல். கருச்சிதைவு ஆபத்து இருப்பதாகக் கருதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணி ‘லெஷித் ந சஹ்ரனேனியி’. சொல்லுக்குச் சொல் ‘பாதுகாத்தலில் படுத்திருக்கிறாள்’. காக்கப்படுவது கரு. இதை ‘பெட் ரெஸ்ட்டில் இருக்கிறாள்’ என்று ஆங்கிலமாக்குபவர்கள் உண்டு. அது எப்போதும் சரியாக இருக்காது. ரஷ்யத் தொடர் சொல்வது சேர்க்கையை மட்டும். அவள் நடக்கலாமா கூடாதா என்பதை அவளுடைய குறிப்பேட்டில் உள்ள வேறொரு வரிதான் சொல்லும்.

ஆங்கிலம் இதே வேலையை ஒரு சின்ன இடைச்சொல்லை விட்டுவிடுவதன் மூலம் செய்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் ‘இன் ஹாஸ்பிடல்’ என்றால் நோயாளியாக இருக்கிறார். ‘இன் தி ஹாஸ்பிடல்’ என்றால் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார். பார்க்கப் போனவராகவும் இருக்கலாம். அமெரிக்க வழக்கில் இந்த வேறுபாடு கிடையாது, இரண்டுக்கும் ‘தி’ போட்டே சொல்வார்கள். ரஷ்யனில் இன்னொரு வழுக்கல் ‘கோஸ்பிதல்’ என்ற சொல். காதுக்கு ஹாஸ்பிடல் போலவே கேட்கும். ஆனால் இன்றைய ரஷ்யாவில் அது பெரும்பாலும் ராணுவ மருத்துவமனை. பொதுமக்கள் போவது ‘பல்னீத்ஸா’.

அடுத்தது, ஒருவர் நோயில் விழும் கணம். ரஷ்யனில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: ‘ஸ்லேச்’. கீழ்நோக்கி என்று உணர்த்தும் ஒரு முன்னொட்டு, படுத்தல் வினையோடு ஒட்டியது. ‘ஒன் ஸ்ல்யோக் ஸ் கிரிப்பம்’ என்றால் ஃப்ளூ வந்து படுத்துவிட்டார். பெண்ணுக்கு ‘ஸ்லெக்லா’. இது முற்றுவினை; நடந்து முடிந்த ஒரு மாற்றத்தைச் சொல்லும். நேற்றுவரை நடமாடினார், இன்று படுக்கையில். நம்முடைய ‘படுத்துட்டார்’ இதற்கு மிக நெருக்கம். ‘விட்டார்’ என்ற துணைவினை செய்வதை அங்கே முன்னொட்டும் முற்றுவினைத் தன்மையும் சேர்ந்து செய்கின்றன. எவ்வளவு நாள் என்பதை ‘ஸ்லேச்’ சொல்வதில்லை. மூன்று நாளில் எழுந்தவருக்கும் இதே சொல்; அதன்பின் எழவே இல்லாதவருக்கும் இதே சொல். முதியவரைப் பற்றிச் சொல்லும்போது இதற்குக் கனம் கூடிவிடுகிறது. ‘பாட்டி ஸ்லெக்லா’ என்று ரஷ்யர் சொன்னால் ‘இனி எழுந்திருப்பது கடினம்’ என்ற அச்சமும் அதில் கேட்கும். அவசரமாக ‘காய்ச்சலில் படுத்தார்’ என்று எழுதிவிடாமல், முன்பின் வரிகளைப் படித்து முடிவுசெய்ய வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தக் கணத்துக்கு ஒரே சொல் கிடையாது. நோய் பிடித்தது என்பதற்கு ‘கேம் டவுன் வித்’. அதில் படுக்கை கட்டாயமில்லை. ‘டுக் டு ஹிஸ் பெட்’ என்றால் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டார். துக்கத்தாலும் ஏமாற்றத்தாலும் படுப்பவருக்கும் இது பொருந்தும். ‘லெய்ட் அப்’ என்பது வேலைக்குப் போக முடியாமல் கொஞ்ச காலம் கிடத்தல். காலொடிந்தவர், முதுகு பிடித்தவர் எல்லாரும் இதில் அடங்குவர். கரையில் கட்டிப் போட்டிருக்கும் கப்பலுக்கும் இதே தொடர்தான், ஆகவே திரும்பவும் புறப்படுவார் என்ற எதிர்பார்ப்பு இதில் உண்டு. இதன் பின்னால் ‘வித்’ வரும். ‘லெய்ட் லோ’ என்றால் நோய் அடித்துச் சாய்த்தது. பின்னால் ‘பை’ வருவது இயல்பு, ‘வித்’தும் வரும். ‘லெய்ட் அப்’ என்று மட்டும் சொல்லியிருக்கும் ஒருவரைப் ‘படுத்த படுக்கை’ ஆக்கிவிடக் கூடாது.

குணமாகும்வரை படுத்துக் கிடப்பதற்கும் ரஷ்யனில் தனி வினை உண்டு: ‘அத்லெஷாத்ஸா’. ‘இரண்டு நாள் அத்லெஷாத்ஸா பண்ணினால் சரியாகிவிடும்’ என்கிற மாதிரி வரும். ஒரே வேரில் முன்னொட்டை மாற்றி மாற்றி நோயின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் சொல்லிவிடும் இந்த வளம் ஆங்கிலத்தில் இல்லை.

இனி முக்கியமான இணை. ரஷ்யனில் ‘லெஷாச்சி’ என்றும் ‘லெஷாஷ்சி’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. ஓர் எழுத்துதான் வேறுபாடு. இரண்டாவது பெயரெச்சம்: இப்போது படுத்திருக்கிற. முதலாவது பெயரடை: படுக்கையே நிலையாகிவிட்ட. ‘லெஷாஷ்சி’ நோயாளி நீங்கள் வார்டுக்குள் போனபோது படுத்திருந்தவர், அவ்வளவுதான். ‘லெஷாச்சி’ நோயாளி என்றால் எழுந்து நடமாட இயலாதவர். முன்பு இரண்டும் ஒரே இலக்கண வடிவத்தின் இரு கிளைகள். ‘ச்’ உள்ளது கிழக்கு ஸ்லாவிய மக்களின் பேச்சிலிருந்து வந்தது. ‘ஷ்ச’ உள்ளது தேவாலய ஸ்லாவிய எழுத்துமொழியிலிருந்து வந்தது. எழுத்துமொழி வடிவம் எச்சமாகவே நிற்க, பேச்சு வடிவம் பண்பைக் குறிக்கும் பெயரடையாக இறுகிவிட்டது. இந்த மாதிரி இணைகள் வேறும் உண்டு: ‘கர்யாஷ்சி’ எரிந்துகொண்டிருக்கிற, ‘கர்யாச்சி’ சூடான. எரிகிற விறகு முன்னது. ஆறாத தேநீர் பின்னது. இந்த ஓசை வேறுபாட்டைக் காது பிடிக்கப் பழகாத மாணவர், நர்ஸ் சொல்வதைத் தவறாகக் குறித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

‘லெஷாச்சி’க்குத் தோழர்கள் இருவர்: ‘சித்யாச்சி’ என்றால் உட்கார மட்டும் இயல்பவர், ‘ஹத்யாச்சி’ என்றால் நடமாடுபவர். நோயாளிகளை ஊர்தியில் ஏற்றும்போது இந்த மூவகைப் பிரிவு உடனே உதவும்: ஸ்ட்ரெச்சரா, நாற்காலியா, தானே ஏறுவாரா? ரஷ்ய நகரங்களில் ‘லெஷாச்சி நோயாளிகளைக் கொண்டுசெல்லுதல்’ என்ற விளம்பரங்கள் நிறைய இருக்கும். அங்கே இடுப்பெலும்பு முறிந்து ஒரு வாரமாகக் கிடப்பவரும் அடக்கம். ஊர்திக்காரருக்கு நோயின் வரலாறு வேண்டாம், தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதே தேவை.

ஆங்கிலத்தில் இந்த நிலைக்கு ‘பெட்ரிடன்’. இதன் பிறப்பு விசித்திரமானது. பழைய ஆங்கிலத்தில் ‘பெட்ரிடா’ என்பது ஒரு பெயர்ச்சொல்: படுக்கைமேல் ஏறிச் செல்பவர், படுக்கைச் சவாரிக்காரர். இடைக்கால ஆங்கிலத்தில் அதன் வால் ஓர் எச்சவினை போலத் தோன்றியதால் ‘என்’ என்ற ஒலி ஒட்டிக்கொண்டது. பிறகு ‘ரிடன்’ என்பது கடனில் மூழ்கிய, குற்றவுணர்வால் அழுத்தப்பட்ட என்ற பொருள் தரும் சொற்களின் பின்பகுதியாகவும் வழங்கத் தொடங்கியது. இன்று ஆங்கிலேயர் காதில் அந்தச் சாயல்தான் கேட்கிறது. ஏறிச் சென்றவர் அழுத்தப்பட்டவராகிவிட்டார். முறையான பொருளில் இது நீண்ட கால நிலை. ஃப்ளூவில் மூன்று நாள் படுத்தவரைப் பத்திரிகைகள் ‘பெட்ரிடன்’ என்று எழுதுவது மிகை.

‘பெட்ஃபாஸ்ட்’ என்று இன்னொரு சொல். இங்கே ‘ஃபாஸ்ட்’ வேகம் இல்லை, உறுதியாகப் பொருத்தப்பட்ட என்ற பழைய பொருள். வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேச்சில் இருந்த இச்சொல் மருத்துவப் படிவங்களில் நிலைத்துவிட்டது. படுக்கைப்புண் ஆபத்தை மதிப்பிட 1987-ல் வெளியான பிரேடன் அளவுகோலில் செயல்பாடு என்ற பிரிவில் 1 மதிப்பெண் பெறுபவர் பெட்ஃபாஸ்ட், 2 பெறுபவர் நாற்காலியோடு இருப்பவர், 3 எப்போதாவது நடப்பவர், 4 அடிக்கடி நடப்பவர். மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். நோயாளியின் இயங்குதிறனை மதிப்பிடப் புற்றுநோய் மருத்துவர்கள் பயன்படுத்தும், 1982-ல் வெளியான ஈகாக் அளவுகோலோ நேரத்தைக் கணக்கிடுகிறது: விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ இருப்பவருக்கு 3, முழுவதுமாக அப்படி இருப்பவருக்கு 4. சிகிச்சை கொடுப்பதா, நிறுத்துவதா என்ற முடிவில் இந்த எண்ணுக்கும் பங்குண்டு. அதனால் உறவினர் சொல்லும் ‘எப்பப் பாத்தாலும் படுத்தே இருக்கார்’ என்பதை மருத்துவர் மேலும் கேட்டுத் தெளிய வேண்டும். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் எத்தனை மணி? சாப்பிட எழுகிறாரா?

கட்டப்பட்டிருத்தல் என்ற கற்பனை இரு மொழிகளிலும் இருக்கிறது. ரஷ்யனில் ‘ப்ரிகோவன் க் பஸ்தேலி’: சொல்லின் வேர் கொல்லனுடையது, சங்கிலியால் படுக்கையோடு பிணைக்கப்பட்டவர் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘பெட்பவுண்ட்’, ‘கன்ஃபைண்ட் டு பெட்’. ரஷ்யத் தொடர் எழுத்துநடைக்கும் செய்திக்கும் உரியது. நர்ஸ்கள் தங்களுக்குள் ‘லெஷாச்சி’ என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் இன்னும் பழமையாகவும் தேவாலய மணத்தோடும் வருவது ‘ஓத்ர்’ என்ற படுக்கை. மரணப்படுக்கை, நோய்ப்படுக்கை என்ற தொடர்களில் மட்டுமே அது இன்று வாழ்கிறது. கடைக்குப் போய் ‘ஓத்ர்’ வாங்க முடியாது.

உடல்குறையுடன் வாழ்பவர்கள் இந்தச் சங்கிலிக் கற்பனையை எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். சக்கர நாற்காலி ஒருவரைக் கட்டிப் போடுவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. அதனால்தான் அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏபியின் நடைக் கையேடு ‘கன்ஃபைண்ட்’, ‘பவுண்ட்’ போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. ரஷ்யனிலும் ‘நாற்காலியில் உள்ளவர்’, ‘நடமாட்டம் குறைந்த நோயாளி’ என்ற வழக்குகள் பரவிவருகின்றன. பின்னதில் ஒரு சிக்கல் உண்டு. தடியூன்றி நடப்பவரும் அதில் அடங்குவதால், வேலைமாற்ற நேரத்தில் ஒரு நர்ஸ் அடுத்தவரிடம் அதை மட்டும் சொன்னால் தகவல் போதாது.

‘கன்ஃபைன்மென்ட்’ பற்றி ஓர் எச்சரிக்கை. 19-ம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதங்களில், நாட்குறிப்புகளில் பெண்ணொருத்தியின் ‘கன்ஃபைன்மென்ட்’ என்று வந்தால் அது பெரும்பாலும் பிரசவம். ‘லையிங்-இன்’ என்பதும் அதுவே. 1745-ல் டப்ளினில் தொடங்கி இன்று ரோட்டண்டா என்று அறியப்படும் மருத்துவமனை, தொடக்கத்தில் லையிங்-இன் மருத்துவமனைதான். நோய் என்றோ சிறை என்றோ மொழிபெயர்த்துவிட்டால் கதையே மாறிவிடும்.

இப்போது மருத்துவரின் ஆணைக்கு வருவோம். ரஷ்ய மருத்துவம் சோவியத் காலத்திலிருந்தே இதைத் துல்லியமாக வகுத்து வைத்திருக்கிறது. நோயாளியின் குறிப்பேட்டில் மருந்துகளுக்கு முன்னால் இரண்டு வரிகள் வரும்: ‘ரெஷிம்’ இன்னது, ‘ஸ்தோல்’ இன்ன எண். ஸ்தோல் என்றால் மேசை, அதாவது உணவுத் திட்டம். சோவியத் உணவியல் மருத்துவர் மனுயீல் பெவ்ஸ்னர் வகுத்த 15 திட்டங்களில் எண் 10 இதய, ரத்தக்குழாய் நோயாளிகளுக்கு உரியது. ரெஷிம் என்பது எவ்வளவு அசையலாம் என்ற ஆணை. அது பொதுவாக நான்கு படி.

முதலாவது ‘ஸ்த்ரோகி பஸ்தேல்னி’, கடுமையான படுக்கை ஒழுங்கு. தானாக உட்காரக் கூடாது, புரளவும் கூடாது; ஊட்டுவது, துடைப்பது, மலசட்டி வைப்பது எல்லாம் பணியாளர் பொறுப்பு. இரண்டாவது வெறும் ‘பஸ்தேல்னி’. படுக்கையிலேயே புரளலாம், உட்காரலாம், கால்களைத் தொங்கவிடலாம், உடற்பயிற்சியாளர் சொல்லும் லேசான அசைவுகளைச் செய்யலாம். இறங்கக் கூடாது. மூன்றாவது ‘பலாத்னி’, இன்னொரு பெயர் ‘பொலுபஸ்தேல்னி’, அரைப்படுக்கை. அறைக்குள் நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், மேசையில் சாப்பிடலாம். நான்காவது ‘ஓப்ஷி’ அல்லது ‘ஸ்வபோத்னி’: தாழ்வாரம், படிக்கட்டு, வளாகத்தில் உலாவுதல். மறுவாழ்வுத் துறையில் இரண்டாம் படியை மேலும் பிரித்து ‘விரிவான படுக்கை ஒழுங்கு’ என்றும் எழுதுவார்கள்.

ஆங்கில மருத்துவமனை ஆணையில் இதற்கு ஈடானது ‘ஆக்டிவிட்டி’ என்ற வரி. ஸ்ட்ரிக்ட் பெட் ரெஸ்ட், கழிவறை அனுமதியோடு பெட் ரெஸ்ட், கட்டிலோரம் கால் தொங்கவிட்டு உட்காரலாம், நாற்காலிக்கு மாறலாம், உதவியோடு நடக்கலாம், விருப்பம்போல் எழலாம். கவனிக்க வேண்டியது, இரு ஏணிகளின் படிகளும் ஒன்றுக்கொன்று நேராக வருவதில்லை. ரஷ்ய ‘பஸ்தேல்னி’யில் கழிவறைக்கு நடக்க இடமில்லை. அமெரிக்கப் ‘பெட் ரெஸ்ட்’டில் கழிவறை அனுமதி தனியாக எழுதப்பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆகவே ‘பஸ்தேல்னி ரெஷிம்’ என்பதைப் ‘பெட் ரெஸ்ட்’ என்று மட்டும் எழுதாமல் பக்கத்தில் கழிவறை பற்றி ஒரு வார்த்தை சேர்ப்பது நல்லது. தமிழிலோ ‘பெட் ரெஸ்ட் எடுங்க’ என்பது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள் என்பதிலிருந்து கட்டிலை விட்டு இறங்காதீர்கள் என்பதுவரை நீள்கிறது. சொல்பவர் ஒன்றை நினைக்க, கேட்பவர் மற்றொன்றைச் செய்கிறார்.

படுக்கை ஆணைக்கு ஒரு முடிவு தேதி தேவை என்பதை மருத்துவ உலகம் மெதுவாகத்தான் கற்றது. மாரடைப்புக்கு ஒரு காலத்தில் வாரக்கணக்கில் படுக்கை. 1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் அமெரிக்காவின் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்த தங்கள் முறையை வெளியிட்டார்கள். படுத்தே இருந்தால் தசை கரைகிறது, கால் சிரைகளில் ரத்தம் உறைகிறது, நுரையீரலின் அடியில் சளி தேங்குகிறது, மலம் இறுகுகிறது, மூட்டுகள் மடங்கிய நிலையில் இறுகிவிடுகின்றன. எழக் கூடாதவராக இருந்தவர் எழ முடியாதவராக மாறுவது இப்படித்தான். முதியவர்களிடம் இந்த மாற்றம் மிக விரைவாக நிகழும். விண்வெளிப் பயணத்தில் எடையின்மை உடலை என்ன செய்யும் என்று அறிய, மாஸ்கோவின் உயிர்மருத்துவச் சிக்கல்கள் நிறுவனம் 1986-87-ல் நல்ல உடல்நலமுள்ள ஆண்களைத் தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் 370 நாள் படுக்க வைத்தது. அதற்குப் ‘பஸ்தேல்னி ரெஷிம்’ என்ற சொல்லை ரஷ்யர்கள் பயன்படுத்துவதில்லை, ‘கிபோகினேசியா’ என்கிறார்கள், அசைவுக்குறை. ஆங்கிலத்திலோ அதுவும் பெட் ரெஸ்ட் ஆய்வுதான்.

படுக்கைப்புண்ணுக்கு ரஷ்யனில் ‘ப்ரோலெஷ்னி’. வேர் அதே படுத்தல் வினை, படுத்துப் படுத்தே உண்டானது. ஆங்கிலத்தில் ‘பெட்சோர்’, லத்தீன் வழியாக ‘டெக்யூபிட்டஸ் அல்சர்’, பிறகு ‘பிரஷர் அல்சர்’. 2016-ல் அமெரிக்காவின் படுக்கைப்புண்ணுக்கான தேசிய ஆலோசனைக் குழு ‘பிரஷர் இஞ்சுரி’ என்று மாற்றியது. தோல் கிழியும் முன்பே, சிவந்து நிற்கும்போதே சேதம் தொடங்கிவிடுகிறது என்பது ஒரு காரணம். படுப்பவருக்கு மட்டும் வருவதும் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்குப் பிட்டத்தில் வரும், ஆக்சிஜன் குழாய் அழுத்தினால் காதுக்குப் பின்னால் வரும். தடுப்பு முறை எந்த மொழியிலும் ஒன்றே: ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை நிலை மாற்றுதல், பக்கவாட்டில் முழுக்கச் சாய்க்காமல் 30 பாகை மட்டும் சாய்த்தல், தலைப்பக்கத்தை வெகுநேரம் 30 பாகைக்கு மேல் உயர்த்தாமை, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் பார்த்தல், இழுக்காமல் தூக்கி நகர்த்துதல். ரஷ்யாவில் இதற்கு 2002-ல் சுகாதார அமைச்சக ஆணையும் 2015-ல் தேசியத் தரநிலையும் வந்தன.

விடுப்பில் இருப்பவரைப் பற்றியும் ஒரு சொல். நோய்ச் சான்றிதழோடு வீட்டில் இருப்பவர் ரஷ்யனில் ‘சிதீத் ந பல்னீச்னம்’, அதாவது சான்றிதழில் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனை என்றால் படுக்கை, விடுப்பு என்றால் உட்காருதல். ‘இன்வலித்’ என்ற ரஷ்யச் சொல்லோ அரசு வழங்கும் உடல்குறைத் தகுதி, மூன்று பிரிவு உடையது. முதல் பிரிவினர் வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். ஆங்கில ‘இன்வலிட்’ வழக்கொழிந்துவரும் சொல், அதில்தான் சாய்வு நாற்காலியும் போர்வையும் நினைவுக்கு வரும். ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது.

பெயரடை எதுவானாலும், நோயாளியை ஏற்றுக்கொள்பவர் மூன்று கேள்விகள் கேட்டால் குழப்பம் தீரும். ரஷ்யனில் அவை மிகச் சுருக்கமானவை: ‘சாம் பவராச்சிவாயெத்ஸா?’ தானே புரள்கிறாரா; ‘சாம் சதீத்ஸா?’ தானே உட்காருகிறாரா; ‘சாம் வ்ஸ்தயோத்?’ தானே எழுகிறாரா. பெண்ணானால் ‘சாமா’. மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தபிறகும் நோயாளி படுத்தே இருந்தால், நான்காவதாகக் குறிப்பேட்டின் ரெஷிம் வரியையும் அது எழுதப்பட்ட தேதியையும் பார்க்க வேண்டும். பல நாள் பழைய ஆணையாக இருந்தால், அது இன்னும் செல்லுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.